குவாண்டம்: அல்சூர் மொட்டை மாடியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

பெங்களூரில் பி.யூ. (பிளஸ் டூ) கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அல்சூர் ஏரிக்குப் பின்புறம் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடுவோம். 2025ஐ ஐ.நா. குவாண்டம் ஆண்டாக அறிவித்ததிலிருந்து, தண்ணீர் லாரியில் ஆரம்பிக்கிற பேச்சுகூட குவாண்டத்தில்தான் வந்து நிற்கிறது. ஒரே சந்தேகத்தை மூன்று பேர் மூன்று வாரம் கேட்ட பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் அளந்து பார்த்தது ஒன்று, கணக்குப் போட்டது ஒன்று, அபிப்பிராயம் ஒன்று என மூன்று உண்டு. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்கிறேன்.

மிஸ், குவாண்டம்னா என்ன? ஒரே வரியில சொல்லுங்க, எக்ஸாம் இல்ல.

இயற்கையில் சில அளவுகள் அரிசி மாதிரி மணி மணியாகத்தான் கிடைக்கும், எண்ணெய் மாதிரி வேண்டிய அளவுக்கு ஊற்றிக்கொள்ள முடியாது. சூடான பொருள் விடும் ஒளியைக் கணக்கிடப்போய் 1900ல் மாக்ஸ் பிளாங்க் இதில் இடறினார். ஒளியே மணி மணியாகத்தான் வருகிறது என்று 1905ல் ஐன்ஸ்டைன் சொன்னார். அந்த மணிக்குத்தான் ஃபோட்டான் என்று பெயர்.

இது பாதிதான். 1925ல் ஹைசன்பர்க்கும் 1926ல் ஷ்ரோடிங்கரும் கொடுத்த கணிதம், என்ன நடக்கும் என்று சொல்வதில்லை. எது எவ்வளவு வாய்ப்போடு நடக்கும் என்றுதான் சொல்கிறது. ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டில் வருவது அலைச்சார்பு. அதை வர்க்கப்படுத்தினால் வாய்ப்பு கிடைக்கும் என்றவர் மாக்ஸ் பார்ன். அவருடைய 1926 கட்டுரையில் வர்க்கம் என்ற திருத்தம் ஓர் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. 1954ல் நோபல் கிடைத்தது அந்த அடிக்குறிப்புக்குத்தான் என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் அப்போதுதான் அடிக்குறிப்பைப் படிப்பார்கள்.

இதெல்லாம் லேபுலதானே? நம்ம வீட்டுல எங்க இருக்கு?

எல்.இ.டி. பல்பில், போன் சிப்பில், ஸ்கேன் எடுக்கப் போனால் எம்.ஆர்.ஐ. யந்திரத்தில். அதைவிட முக்கியம், நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்று 1925ல் பௌலி கண்டுபிடித்த விதி இல்லாவிட்டால் அணுக்கள் இப்போதைய அளவில் நிற்காது, நாற்காலியும் நாற்காலியாக இருக்காது.

ஒரு எலக்ட்ரான் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கும்ங்கறாங்களே, நிஜமாவா?

முதலில் அளந்து பார்த்தது. இரண்டு குறுகிய வழிகள், பின்னால் ஒரு திரை. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக விடுகிறோம், ஒன்று திரையில் விழுந்த பிறகே அடுத்தது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு புள்ளியாக விழுகிறது. பத்து விழுந்தால் மழைத் தூறல் மாதிரி தாறுமாறாகத் தெரியும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் எழும்பும். 1974ல் இத்தாலியின் பொலோனியாவில் இதைப் படமெடுத்தார்கள், 1989ல் ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் டோனோமுராவின் குழு இன்னும் தெளிவாக எடுத்தது. ஒரு வழியை அடைத்தால் வரிகள் போய்விடும். இரண்டு வழியும் திறந்திருக்கும்போது சில இடங்களில் ஒன்றுகூட விழாது, ஒரு வழி மட்டும் திறந்திருந்தால் அதே இடத்தில் விழும். வாசல் கூடக் கூட்டம் குறைகிற விசித்திரம் இது.

கணக்கு சொல்வது, அலைச்சார்பு இரண்டு வழியாகவும் போகிறது என்று. ‘எலக்ட்ரான் இரண்டு இடத்தில் இருந்தது’ என்பது அந்தக் கணக்கை ஒருவர் புரிந்துகொண்ட விதம், அதாவது அபிப்பிராயம். ஒரே வழியாகத்தான் போனது, அலை மட்டும் இரண்டு வழியாகவும் போய் அதை வழிநடத்தியது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிக் கீழே வரும்.

நாம பாத்தா வரி மறைஞ்சுடும்னா, பாக்கறது எலக்ட்ரானுக்கு எப்படித் தெரியும்?

கண்ணாலோ மனசாலோ பார்ப்பதைப் பற்றிய பேச்சே இல்லை இது. ‘அப்சர்வர்’ என்ற சொல் செய்த அநியாயம். எந்த வழியாகப் போனது என்ற தடயம் உலகத்தில் எங்காவது பதிந்துவிட்டால் வரி மங்கும். அந்தத் தடயத்தை யாரும் படிக்க வேண்டியதில்லை.

வியன்னாவில் 2004ல் செய்த சோதனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 70 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கி, வரிகள் எழுப்பும் கருவிக்குள் விட்டார்கள். சூடான இரும்பு ஒளிர்வது போல அந்த மூலக்கூறுகளும் போகிற வழியில் ஃபோட்டான்களை உதிர்க்கும். சூடு ஏற ஏற வரிகள் மங்கின. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. உதிர்ந்த ஃபோட்டான்கள் ‘இந்த வழியாகப் போனேன்’ என்ற சேதியை அறைச் சுவர்களுக்குக் கொண்டுபோனதே போதுமாக இருந்தது.

அன்சர்ட்டன்ட்டி பிரின்சிபிள்னா நம்ம கருவி சரியில்லன்னுதானே அர்த்தம்? நல்ல கருவி வந்தா சரியாயிடாதா?

ஆகாது. இடத்தையும் உந்தத்தையும் (நிறையை வேகத்தால் பெருக்கியது) ஒருசேரக் கூர்மையாக வைத்திருக்கும் நிலை எதுவும் குவாண்டம் கணிதத்தில் இல்லை. ஒரு நல்ல பாட்டுக்காரரை ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் பாடச் சொல்லி, அது என்ன ஸ்வரம் என்று கேளுங்கள். காது எவ்வளவு கூர்மையானாலும் சொல்ல முடியாது. அவ்வளவு சின்ன ஓசைக்கு ஒரே ஸ்வரம் என்பதே கிடையாது. அலை என்றால் அப்படித்தான்.

அளவு எவ்வளவு என்று பார்த்தால் பயம் போய்விடும். 50 கிராம் இட்லி ஒன்றின் இடத்தை ஒரு மைக்ரோமீட்டருக்குள் நிர்ணயித்தால், அதன் வேகத்தில் வரும் குறைந்தபட்சத் தடுமாற்றம் பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி வருடத்துக்கும் சேர்ந்து இரண்டு மூன்று அணுக்களின் அகலத்துக்கு மேல் போகாது. அதே கணக்கை அணுவுக்குள் அடைபட்ட எலக்ட்ரானுக்குப் போட்டால் தடுமாற்றம் வினாடிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல். பொருள் எவ்வளவு லேசோ அவ்வளவு ஆட்டம்.

எல்லாம் பேச்சாவே இருக்கே அக்கா, கையில தொட்டுப் பாக்கற மாதிரி ஒண்ணும் இல்லையா?

இருக்கிறது. எஸ்.பி. ரோட்டில் ரிப்பேர்க் கடை ஒன்றில் உயிர் போன மானிட்டர் பேனல் ஒன்றை வாங்கி வந்தேன். அதன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலம்தான் போலராய்டு, ஒரு திசையில் ஆடும் ஒளியை மட்டும் விடும் தாள். ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரிக்க வேண்டும், அவசரப்பட்டால் நாராகக் கிழியும். பசையைத் துடைத்து எடுக்க ஒரு சாயங்காலம் ஆயிற்று. அதிலிருந்து மூன்று சதுரம் வெட்டிக்கொண்டேன்.

ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக, 90 பாகையில் வைத்தால் வெளிச்சம் அடைபட்டு இருட்டாகிவிடும். இப்போது மூன்றாவது சதுரத்தை இரண்டுக்கும் நடுவில் 45 பாகை சாய்த்துச் செருகுங்கள். இருட்டு விலகி, பின்னால் ஏரிக்கரை விளக்கு தெரியும்! தடுப்பு இரண்டாக இருந்தபோது வராத வெளிச்சம் மூன்றாகியதும் வருகிறது. கணக்கில், முதல் தாளில் பாதி, அடுத்ததில் அதில் பாதி, கடைசியில் அதிலும் பாதி, ஆக எட்டில் ஒரு பங்கு. நடுத்தாள் சும்மா வடிகட்டவில்லை, ‘நீ 45 பாகையா?’ என்று கேட்கிறது. ஆமாம் என்று தாண்டியது, முன்பு தான் என்னவாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறது. குவாண்டத்தில் அளப்பது என்றால் இதுதான்: இருப்பதை அறிவதோடு நிற்பதில்லை, மாற்றியும் வைக்கிறது.

பூனை கடைசியில செத்துச்சா, உயிரோட இருந்துச்சா?

எந்தப் பூனையையும் எவரும் பெட்டிக்குள் போடவில்லை. 1935ல் ஷ்ரோடிங்கர் கிண்டலுக்காகச் சொன்ன கற்பனை அது. ஓர் அணு சிதைந்தால் விஷக்குப்பி உடையும், பூனை சாகும். அணு ஒரு மணி நேரத்தில் சிதைய பாதி வாய்ப்பு. சமன்பாட்டை அப்படியே நம்பினால் ‘சிதைந்தது, சிதையாதது’ என்ற கலவை, ‘செத்தது, செத்ததில்லை’ என்ற கலவையாகப் பூனைக்கும் பரவ வேண்டும். இது அபத்தம், எங்கேயோ எதையோ விட்டுவிட்டோம் என்பதுதான் அவர் கட்சி. இப்போது டீ-ஷர்ட்டில் அந்த அபத்தத்தையே கொள்கையாகப் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

டீகோஹரன்ஸ்னு ஒண்ணு வந்து இந்தப் பிரச்சினையே தீந்துபோச்சுன்னு யூடியூப்ல பாத்தேனே?

பாதி தீர்ந்தது. வியன்னா மூலக்கூறு ஃபோட்டான் உதிர்த்துத் தன்னைக் காட்டிக்கொடுத்தது அல்லவா, அதற்குப் பெயர்தான் டீகோஹரன்ஸ். ஹெச். டீட்டர் ஸே 1970லும், வோய்ச்செக் ஸூரெக் 1980களிலும் இதை வளர்த்தார்கள். பூனையின் மேல் வினாடிக்கு எண்ணிலடங்காக் காற்று மூலக்கூறுகள் மோதுகின்றன. ஒவ்வொன்றும் தடயத்தைக் கொண்டுபோகிறது. அதனால் செத்த பூனையும் உயிருள்ள பூனையும் குறுக்கிட்டு வரிகள் உண்டாக்குவதை நாம் ஒருநாளும் பார்க்க மாட்டோம். இதுவரை வரிகள் காட்டிய மிகப் பெரியவற்றில் ஒன்று, 2019ல் வியன்னாவில் பயன்படுத்திய, 2,000 அணுக்கள் வரை கொண்ட மூலக்கூறு.

மீதிப் பாதி இது. கலவை ஏன் தெரிவதில்லை என்பதற்கு டீகோஹரன்ஸ் பதில் சொல்கிறது. இரண்டில் எது நடந்தது, ஏன் அது என்று கேட்டால் மௌனம். கணக்கில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. இந்த மிச்சத்துக்குத்தான் அளவீட்டுச் சிக்கல் என்று பெயர்.

கோபன்ஹேகன், பல உலகம், போம்னு இத்தனை விளக்கம் எதுக்கு? எது சரி?

அந்த மிச்சத்தை ஆளுக்கொரு விதமாகத் தீர்க்கப் போய் வந்தவை. கோபன்ஹேகன் என்பது நீல்ஸ் போரும் ஹைசன்பர்க்கும் சேர்ந்து உண்டாக்கிய மனநிலை. கருவிகளை அன்றாட மொழியில் பேசு, கணக்கை வாய்ப்புகளுக்குப் பயன்படுத்து, அளப்பதற்கு முன் எலக்ட்ரான் எங்கே இருந்தது என்று கேட்காதே. பாடப்புத்தகத்தில் இருப்பது ஏறக்குறைய இதுதான். என் குறை என்னவென்றால், கருவியும் அணுக்களால்தான் ஆனது; எந்த இடத்தில் கோடு போட்டு இந்தப் பக்கம் குவாண்டம், அந்தப் பக்கம் கருவி என்று பிரிப்பது? கேட்டால் ‘வாயை மூடிக்கொண்டு கணக்கைப் போடு’ என்ற பதில்தான் வரும். இந்த வாசகத்தை ஃபைன்மன் தலையில் கட்டுவார்கள். 1989ல் எழுதியவர் டேவிட் மெர்மின், அதுவும் கேலியாக.

டேவிட் போம் 1952ல் சொன்னது, துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அலை அதை நடத்திச் செல்கிறது என்று. 1927லேயே டி ப்ராய் இதன் முன்வடிவைச் சொல்லிப் பின்வாங்கியிருந்தார். போமின் கணக்கு எல்லாச் சோதனைக்கும் வழக்கமான விடையையே தருகிறது. விலை என்னவென்றால், ஓர் இடத்துத் துகளின் ஓட்டத்தைத் தூரத்தில் நடப்பதும் அந்தக் கணமே பாதிக்க வேண்டும். ஹியூ எவரெட் 1957ல் எதையும் சேர்க்கவில்லை, ஒன்றைக் கழித்தார். அளந்ததும் அலைச்சார்பு ஒரே விடைக்குச் ‘சுருங்குகிறது’ என்ற விதியை எடுத்துவிட்டார். அப்போது இரண்டு முடிவுகளும் நடக்கின்றன, ஒவ்வொரு முடிவுக்கும் அதைப் பார்க்கும் நீங்கள் ஒருவர். பல உலகம் என்பது இதுதான். கிரார்டி, ரிமினி, வேபர் மூவரும் 1986ல் சமன்பாட்டையே கொஞ்சம் திருத்தினார்கள்: ஒவ்வொரு துகளும் எப்போதாவது தானாகச் சுருங்கும், கோடானுகோடி துகள் சேர்ந்த பூனை கண்ணிமைக்கும் முன் சுருங்கிவிடும்.

இந்தக் கடைசி வகைக்கு மட்டும் தனி மரியாதை கொடுப்பேன், தோற்கத் தயாராக இருக்கிறது என்பதால். விடை மாறுவதால் சோதிக்கலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஈர்ப்புவிசையைச் சுருக்கத்துக்குக் காரணமாக்கும் டியோசி-பென்ரோஸ் மாதிரியின் எளிய வடிவத்தை, இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில் செய்த சோதனை ஏற்கெனவே தள்ளிவிட்டது. மற்றவற்றில் எது சரி என்று அளந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. 2025ல் நேச்சர் இதழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களைக் கேட்டபோது கோபன்ஹேகன் என்றவர்கள் 36 சதவீதம், பல உலகம் என்றவர்கள் 15. நூறு வருடமாகியும் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

பல உலகம் உண்மைன்னா, இன்னொரு உலகத்துல நான் ஐஐடி போயிருப்பேனா மிஸ்?

இரண்டாம் வருட பி.யூ. பையன், நுழைவுத்தேர்வு முடிவு வந்த வாரம் கேட்டது. எவரெட் சரி என்றே வைத்துக்கொண்டாலும், சமன்பாடு அனுமதிப்பதுதான் நடக்கும், ஆசைப்படுவதெல்லாம் நடக்காது. இயற்பியலில் மூன்று கேள்வியை விட்டது அணுச் சிதைவால் அல்ல, தம்பி.

ஐன்ஸ்டைன் தப்புன்னு நிரூபிச்சு நோபலும் கொடுத்துட்டாங்களாமே?

ஐன்ஸ்டைன் சொன்னது ஒன்றல்ல. கடவுள் பகடை ஆடுவதில்லை என்று 1926ல் பார்னுக்குக் கடிதம் எழுதினார். அவரை உண்மையாகக் குடைந்தது வேறு. 1935ல் பொடோல்ஸ்கி, ரோஸனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையின் சாரம்: இரண்டு துகள்களைச் சேர்த்து உண்டாக்கித் தூரமாக அனுப்பினால், ஒன்றை அளந்ததும் மற்றொன்றின் விடை தெரிந்துவிடுகிறது. இங்கே அளந்தது அங்கே போய் எதையும் மாற்ற முடியாது. ஆகவே விடை முதலிலிருந்தே அதனுள் எழுதியிருக்க வேண்டும், குவாண்டம் கணக்கு அதைச் சொல்லவில்லை, ஆகவே அது முழுமையில்லை. நியாயமான வாதம். ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்று என் பையில் இருந்தால், வீட்டில் விட்டுவந்தது வலதா இடதா என்று பையைத் திறந்ததும் தெரியும், அதில் மாயம் ஏது? இப்படிச் சேர்ந்த துகள்களைப் பின்னிப்பிணைந்தவை என்பார்கள்.

1964ல் ஜான் பெல் இந்தச் செருப்பு விளக்கத்துக்கு ஒரு பரீட்சை வைத்தார். அதை விளையாட்டாகச் சொல்கிறேன், மாடியில் நாங்களே ஆடியது. அண்ணன் அல்சூரில், தங்கை ஜெயநகரில், போன் கிடையாது. ஒவ்வொருவருக்கும் காசு சுண்டிப்போட்டுச் சிவப்புச் சீட்டோ பச்சைச் சீட்டோ தரப்படும். ஆமாம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். இருவருக்கும் பச்சை வந்தால் பதில்கள் வேறுபட வேண்டும், மற்ற எல்லா வகையிலும் ஒரே பதிலாக இருக்க வேண்டும். முன்கூட்டி எவ்வளவு வேண்டுமானாலும் பேசி வைத்துக்கொள்ளலாம். போட்டுப் பாருங்கள்: அண்ணன் சிவப்புக்கு ஆமாம் என்றால், தங்கை இரண்டு சீட்டுக்கும் ஆமாம் சொல்ல வேண்டும். தங்கையின் சிவப்பு ஆமாம் என்பதால் அண்ணன் பச்சைக்கும் ஆமாம் சொல்ல வேண்டும். அப்புறம் பச்சையும் பச்சையும் சேரும்போது இருவரும் ஆமாம், தோல்வி. நாலு வகையில் ஒன்று எப்படியும் உதைக்கும். ஆகவே எந்தத் திட்டத்துக்கும் சராசரி உச்சம் 75 சதவீதம். இரண்டு மணி நேரம் ஆடியும் முக்கால்வாசியைச் சுற்றியேதான் நின்றோம்.

பின்னிய ஃபோட்டான்களை ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, சீட்டின் நிறத்துக்கேற்பப் போலராய்டைத் திருப்பி அளந்தால், குவாண்டம் கணக்குப்படி 85 சதவீதம் வரை ஜெயிக்கலாம். 1972ல் கிளாசரும் ஃப்ரீட்மனும், 1982ல் பாரிஸ் பக்கம் அலென் ஆஸ்பேயும் அளந்தார்கள். 2015ல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், பெரிய சந்தேகங்களுக்கு இடம் வைக்காமல் அளந்தார்கள். ஒவ்வொரு முறையும் செருப்பு விளக்கம் தோற்றது. கிளாசர், ஆஸ்பே, ஆன்டன் ஸைலிங்கர் மூவருக்கும் 2022 நோபல். ஆக, பதிலும் முன்பே எழுதியிருக்கிறது, தூரத்துச் செயலும் இல்லை என்று இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஐன்ஸ்டைன் பிடித்தது அந்த இரண்டையும்தான். ஆனால் அவர் கேள்வி கேட்டிருக்காவிட்டால் பெல்லே இல்லை. தப்பாகப் போவதிலும் இப்படி ஒரு தரம் வேண்டும்.

அப்போ அதை வெச்சு கலிஃபோர்னியாவுல இருக்கற பையனோட உடனுக்குடனே பேசலாமாமா?

முடியாது மாமி. மேலே சொன்ன விளையாட்டில் தங்கையின் பக்கம் மட்டும் பார்த்தால் ஆமாமும் இல்லையும் பாதிப் பாதி. அண்ணன் எந்தச் சீட்டை எடுத்தாலும் அது மாறாது. இரண்டு பேரின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் 85 தெரியும், அந்தப் பட்டியல் போனிலோ தபாலிலோதான் வர வேண்டும். 2017ல் சீனாவின் மீசியஸ் செயற்கைக்கோள் 1,200 கிலோமீட்டர் தூரத்துக்குப் பின்னலைக் கொண்டுபோனது, அதிலும் ஒரு ‘ஹலோ’கூட ஒளியை முந்திப் போகவில்லை.

சீட்டு எடுக்கறதே முன்னாடியே தீர்மானமானதுன்னா? காசு சுண்டறதும் இயற்கைக்குள்ளதானே?

ஐ.டி.யில் இருக்கும் ஒரு தம்பி கேட்டான், பாராட்டினேன். சீட்டும் ஃபோட்டானும் பிரபஞ்சத் தொடக்கத்திலிருந்தே கூட்டுச் சேர்ந்திருந்தால் பெல் பரீட்சை செல்லாது. இதற்கு சூப்பர்டிடர்மினிசம் என்று பெயர். இதைக் கொஞ்சமாவது நெருக்க, 2018ல் ஒரு குழு பல நூறு கோடி ஒளியாண்டு தூரத்து குவேசார்களின் ஒளியைக் கொண்டு ‘சீட்டு’ எடுத்தது. விடை மாறவில்லை. முழுவதும் பொய்யாக்க முடியாத வாதம்தான். ஆனால் அதை ஏற்றால் மருந்துச் சோதனையில் யாருக்கு மாத்திரை, யாருக்கு வெறும் மாவு என்று குலுக்கல் போடுவதையும் நம்ப முடியாது. எனக்கு அந்த விலை கட்டுபடியாகாது.

நம்ம பெங்களூருக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

ஏராளம். திருச்சிக்காரரான சி.வி. ராமன் 1933ல் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். அவர் 1928ல் கல்கத்தாவில் கண்ட விளைவே ஒளி மணி மணியாக மூலக்கூறோடு கொடுக்கல் வாங்கல் செய்வதன் சாட்சி. 1948ல் மேக்ரி சர்க்கிள் பக்கம் தன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அதே வளாகத்தில் இப்போது உர்பசி சின்ஹாவின் குழு ஒற்றை ஃபோட்டான்களை வைத்து அடிப்படைச் சோதனைகள் செய்கிறது. மூன்று வழி வைத்து பார்னின் வர்க்க விதியைச் சோதித்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் பெயர் அவருடையது. இரண்டு இரண்டாகக் குறுக்கிடுவதைத் தவிர, மூன்றும் சேர்ந்த தனிக் குறுக்கீடு ஏதும் தென்படவில்லை. பார்னின் அந்த அடிக்குறிப்பு தப்பிப் பிழைத்தது.

இங்கே கோட்பாட்டு ஆய்வு மையத்தை வளர்த்த இ.சி.ஜி. சுதர்சன், பைத்யநாத் மிஸ்ராவோடு 1977ல் ஒரு விநோதத்தைக் கணக்கிட்டார்: ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் உறைந்து நிற்கும். 1990ல் அமெரிக்காவில் அயனிகளை வைத்து அதைக் காட்டினார்கள். அடுப்பில் வைத்த பாலுக்கு இது பொருந்தாது, எத்தனை முறை பார்த்தாலும் பொங்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்டால் காட்டிக்கொடுக்கும் குவாண்டம் சங்கேத முறையைச் சார்லஸ் பென்னட்டும் ஜில் ப்ரஸாரும் வெளியிட்ட அந்தப் புகழ்பெற்ற கட்டுரை, 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த மாநாட்டின் தொகுப்பில்தான் வந்தது.

ஏம்மா, இதையெல்லாம் நம்ம ரிஷிகளும் சித்தர்களும் அப்பவே சொல்லிட்டாங்களே? ஔவையார்கூட அணுவைத் துளைச்சதா பாடியிருக்காங்க.

ஔவை பெயரில் உள்ள அந்த வரி குறளின் சுருக்கத்தைப் புகழ்வது. அணுவைத் துளைத்து ஏழு கடலைப் புகட்டியது போல அவ்வளவு பொருளை இரண்டடியில் அடைத்தார் என்று. அழகான உவமை, அதில் இயற்பியலைத் தேடுவது கவிதைக்கும் அவமரியாதை.

ஷ்ரோடிங்கர் உபநிடதங்களை ஊன்றிப் படித்தவர், அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். அது உண்மை. ஆனால் அவர் சமன்பாட்டின் எந்த உறுப்பும் அங்கிருந்து வரவில்லை, ஹைட்ரஜன் விடும் ஒளியின் அளவுகளோடு பொருந்துகிறதா என்றுதான் சோதித்தார். வேதாந்தம் உயர்ந்ததாக இருக்க குவாண்டத்தின் சான்றிதழ் எதற்கு?

குவாண்டம் ஹீலிங், குவாண்டம் பென்டன்ட்?

எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒருவர் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு பதக்கம் வாங்கிவிட்டு, மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்ப்பதை நாலு மாதம் தள்ளிப்போட்டார். அதில் குவாண்டம் இருந்தது விலைச்சீட்டு மையில் மட்டும்தான், எல்லா மையிலும் இருப்பது போல.

எல்லாம் தற்செயல்னா விதி இல்ல, நமக்கு ஃப்ரீ வில் இருக்குன்னு ஆயிடுச்சா?

பகடை விழுந்தபடி நான் கை தூக்கினால் அது என் சுதந்திரமா, பகடையின் சுதந்திரமா? அதோடு, தற்செயல் என்பதே எல்லா விளக்கத்திலும் இல்லை. போமின் கணக்கிலும் எவரெட்டின் கணக்கிலும் எல்லாம் தீர்மானமாகவே ஓடுகிறது. இந்த வழக்கில் குவாண்டம் சாட்சி சொல்ல வராது.

பூனைக்குப் பதிலா மனுஷனைப் பெட்டிக்குள்ள வெச்சா? அவருக்குத்தான் விடை தெரியுமே.

யூஜீன் விக்னர் 1961ல் கேட்டது இதைத்தான். உள்ளே இருக்கும் நண்பர் அளந்துவிட்டார், அவருக்கு ஒரே விடை. வெளியில் இருக்கும் விக்னரின் கணக்கில் நண்பரும் சேர்ந்து கலவையில்தான். யார் கணக்கு சரி? மனம்தான் அலைச்சார்பைச் சுருக்குகிறது என்று விக்னர் அப்போது சாய்ந்தார். மனோசக்திக் கூட்டம் இன்றுவரை அவர் பெயரைச் சொல்லும். ஸேயின் வேலையைப் பார்த்த பின் அவரே அதைக் கைவிட்டார் என்பதைச் சொல்லாது.

2018ல் ஸூரிக்கைச் சேர்ந்த ஃப்ரௌகிகரும் ரென்னரும் இதைக் கூராக்கினார்கள். குவாண்டம் கணக்கு மனிதர்களுக்கும் பொருந்தும், ஓர் அளவீட்டுக்கு ஒரே விடை, ஒருவர் சரியாக யோசித்து அடைந்த முடிவை இன்னொருவர் நம்பலாம். மூன்றும் சாதாரணமாகத் தோன்றுகின்றன, ஆனால் மூன்றும் ஒன்றாக நிற்காது. எதை விடுவது என்பதில் ஒவ்வொரு கட்சியும் ஒவ்வொன்றை விடுகிறது: எவரெட் ஒரே விடையை, போம் மூன்றாவதை, சுருக்கக்காரர்கள் முதலாவதை. ஒருவர் எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

குவாண்டம் கம்ப்யூட்டர் எல்லா விடையையும் ஒரே நேரத்துல பாத்துடுமே, அது பல உலகத்துக்கு ஆதாரம்தானே?

குவாண்டம் கணினிக் கோட்பாட்டின் முன்னோடியான டேவிட் டாய்ச் அப்படித்தான் வாதாடுகிறார். ஆனால் கடைசியில் அளக்கும்போது கைக்கு வருவது ஒரே விடை. தப்பான விடைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி அலைகளை அடுக்குவதில்தான் வித்தை. பத்து லட்சம் பெயரில் ஒன்றைத் தேட குரோவரின் முறைக்குச் சுமார் 800 படி வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது என்றால் ஒரு படி போதுமே. மற்ற விளக்கக்காரர்களும் இதே கணினியைத் தங்கள் மொழியில் விவரித்துவிடுவார்கள். 2023ல் மத்திய அரசு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கிய குவாண்டம் திட்டத்தில் கணினிக்கான மையம் நம் இந்திய அறிவியல் கழகம்தான். அங்கே வேலை செய்ய எந்தக் கட்சி அட்டையும் கேட்பதில்லை.

நீ காமிச்ச போலராய்டு வித்தைக்கு குவாண்டமே வேண்டாமேம்மா. அலைன்னு வெச்சாலே கணக்கு வந்துடுமே?

எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். அவர் கேட்டது முழுக்கச் சரி. ஏரிக்கரை விளக்கின் வெளிச்சத்துக்குப் பழைய அலைக்கணக்கே எட்டில் ஒரு பங்கைக் கொடுத்துவிடும். குவாண்டம் எங்கே வருகிறது என்றால், விளக்கை மங்கச் செய்து ஒரு நேரத்துக்கு ஒரே ஃபோட்டான் என்று ஆக்கும்போது. அலை என்றால் ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகக் கசிய வேண்டும். கசிவதில்லை. ஒரு ஃபோட்டான் முழுசாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. அரை ஃபோட்டானை எவரும் பிடித்ததில்லை. எது வரும், எது வராது என்று முன்கூட்டிச் சொல்லவும் முடிவதில்லை. மாடியில் என்னிடம் அந்தக் கருவி இல்லாததால் வெளிச்சத்தை வைத்து ஒப்பேற்றினேன், அவர் பிடித்துவிட்டார். அடுத்த வாரம் அவரே போலராய்டைக் கையில் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு விளக்கினார்.

சரி, நீங்க எந்தக் கட்சி?

வேலையில் இருந்தவரை கோபன்ஹேகன், பாடத்திட்டம் அது. இப்போது எவரெட் பக்கம் சாய்கிறேன், சமன்பாட்டோடு எதையும் ஒட்டவைக்காததால். ஆனால் ஒரு முள் தொண்டையிலேயே இருக்கிறது. எல்லா முடிவும் நடக்கிறதென்றால், ‘85 சதவீத வாய்ப்பு’ என்பதற்கு என்ன பொருள்? டாய்ச் உட்படப் பலர் விடை சொல்லியிருக்கிறார்கள். படிக்கும்போது ஒத்துக்கொள்கிறேன், மறுநாள் காலை காபி போடும்போது சந்தேகம் திரும்பிவிடுகிறது. எச்.ஏ.எல். பெரியவர் போம் கட்சி. ஐ.டி. தம்பி இன்னும் சூப்பர்டிடர்மினிசத்தை விடவில்லை. அது அவன் கையில் இல்லை என்கிறான்.